அறுபது விநாடி, ஐந்து அஜெண்டா

கூடைப்பந்தில் ஜெயிப்பது பந்தைக் கூடையில் போடுகிறவர்கள்தான் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த இருண்ட காலம் ஒன்று உண்டு. தக்கலைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஆன்ட்ரூஸ் சார் ‘கோச்’ ஆனதோடு அந்த இருள் விலகிற்று. பதினெட்டு வருடம் சபைக் கமிட்டிச் செயலராக இருந்தவர். ஆட்டத்தை நிறுத்தி அணியோடு பேசும் ஒரு நிமிட டைம்-அவுட்டை நடத்த வேறென்ன தகுதி வேண்டும்?

ஆரம்ப ஜெபம். முந்தைய டைம்-அவுட்டின் மினிட், அதாவது கூட்டக் குறிப்பு, வாசித்தல். அதை அங்கீகரித்தல். இதர விஷயங்கள். நன்றியுரை. ஆட்டம் ‘இதர விஷயங்களில்’ வரும். அதற்குள் விசில் வந்துவிடும்.

கேப்டன் ஸ்டெனிக்கு பிளஸ் டூ. அன்று அஞ்சுகிராமம் அணியோடு மாவட்ட இறுதி ஆட்டம். ஜெயித்தால் மாநிலப் போட்டி. தோற்றால் அவளுக்கு அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது. அவள் சொல்ல வேண்டியது ஒரே விஷயம். எதிரணியில் மூன்று பேர் அவளையே மொய்க்கிறார்கள். இவர்கள் அணியில் பின்னால் காவல் நிற்கும் ஜெப்சியை யாரும் சீண்டுவதில்லை. ஜெப்சி முன்னால் ஓடி வந்தால் போதும். கோர்ட்டில் கத்திச் சொன்னால் எதிரணிக்கும் கேட்கும்.

நாலாவது டைம்-அவுட்.

“சாரே, ஒரு காரியம்...”

“மினிட் வாசிக்கும்போ பேசப்பிடாது மக்கா. ஒழுங்குன்னு ஒண்ணு உண்டுல்லா? ‘மூன்றாவது டைம்-அவுட்டில் அனைவரும் ஆஜர். சுஜி தண்ணீர் குடித்தாள்.’”

“நான் குடிக்கல்ல சாரே. மொகம் கழுவுனேன்,” என்றாள் சுஜி.

“அப்பம் திருத்தம் போடணும்!”

திருத்தம் போட்டார். விசில்.

“ஏட்டி, உனக்கு இப்பம் மொகம் கழுவுனதாக்கும் பெரிய காரியம்?” என்று சுஜியிடம் பாய்ந்தாள் ஸ்டெனி.

“பொய்யா எழுதலாமாட்டி?”

ஏழு விநாடி பாக்கி. ஒரு புள்ளி பின்னடைவு. பந்து இவர்களிடம். கடைசி டைம்-அவுட்.

“கண்ண மூடுங்க. ஆரு ஜெபிக்கா?”

“நான் சாரே!” என்று முந்தினாள் ஸ்டெனி. சாருக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஆண்டவரே, இந்த ஏழு செகண்டுக்காக ஸ்தோத்திரம். உம்ம பிள்ள ஜெப்சிய இனி பின்னால நிக்க விடாதேயும். விசில் அடிச்ச ஒடனே எடப்பக்கமா கூடைக்க அடியில ஓட வையும். சுஜி எனக்குப் பந்த எறியட்டும். மூணு பேரும் என் மேல வந்து விழுவாளுவ, அது உமக்கே தெரியும். நான் ஜெப்சிக்குக் குடுப்பேன். அவ கை பதறாம காத்தருளும். பலகையில பட்டு உள்ள விழ கிருப தாரும். ஆமென்.”

“ஆமென்!” ஜெப்சியின் ஆமென் எல்லோருடையதையும்விடச் சத்தம்.

“எங்க ஓடுறிய? மினிட் வாசிக்கல்ல!” சார் புத்தகத்தோடு கோடுவரை துரத்தினார்.

ஜெபம் அட்சரம் பிசகாமல் நிறைவேறியது. பலகை உட்பட. ஒரு புள்ளியில் வெற்றி.

அன்றே மினிட் புத்தகத்தில் தீர்மானங்கள் ஏறின. ஒன்று: வெற்றிக்குக் காரணம் கோச் ஏற்படுத்திய முறையான டைம்-அவுட். இரண்டு: மாநிலப் போட்டியில் எல்லா ஜெபத்தையும் கோச்சே ஏறெடுப்பார். மூன்று: மினிட் வாசிக்குமுன் கூட்டத்தைக் கலைத்ததற்கு ஸ்டெனி விளக்கம் அளிக்க வேண்டும்.

விளக்கத்துக்கு அவளுக்கு முழுசாக ஒரு நிமிடம் ஒதுக்கப்பட்டது. ஆரம்ப ஜெபம், மினிட் வாசிப்பு, நன்றியுரை உட்பட.