கமிஷனரும் கண்மாயும்

மதுரையில் சாணிக்காகத் தூக்கத்தைத் தொலைத்த ஒரே மனிதர் எங்கள் ஆனையூர் பால்காரராகத்தான் இருக்கும். தெருவில் அவருக்குச் சாணிக் கமிஷனர் என்று பெயர். தொண்ணூறுகளின் கடைசியில் அந்தப் பக்கம் மாடு வைத்திருந்தவர்கள் எல்லோரும் மாட்டுக் கொட்டத்தைக் கழுவிச் சாணியை அப்படியே கண்மாய்க்குத் தள்ளிவிடுவார்கள். இவர் மட்டும் ஒரு சொட்டு வெளியே விடமாட்டார். சாணிக்குக் குழி, கழுவிய தண்ணீருக்குச் சிமெண்டுத் தொட்டி, தொட்டியிலிருந்து தீவனப்புல்லுக்கு வாய்க்கால். பக்கத்தில் நிற்கும் மாடு வாலைத் தூக்கினால் போதும், கறப்பதை அப்படியே விட்டுவிட்டுச் சட்டியோடு ஓடுவார். பால் வாங்க வந்தவர்கள் செம்போடு நிற்க வேண்டியதுதான்.

ஏன் இந்தப் பாடு என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். மாட்டு டாக்டரிடம், "புல்லு நல்லா வருதுல்ல சார்" என்பார். குருக்களிடம், "முளைப்பாரி கரைக்கிற கண்மா சாமி, பாவம் வந்துரும்" என்பார். என்னிடம், "எம் பொண்டாட்டிக்கு நான் சும்மா இருந்தா பிடிக்காது மாப்ள" என்றார். உள்ளேயிருந்து அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார்.

பிறகு தெருவில் புது வீடுகள் முளைத்தன. நாற்றம் தாங்கவில்லை என்று மனு போயிற்று. அதிகாரி ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து எல்லாக் கொட்டங்களையும் பார்த்தார். மற்றதெல்லாம் படு சுத்தம். அங்கிருந்த அசிங்கம் விடியுமுன்பே கண்மாய்க்குப் போயிருந்தது. கமிஷனர் கொட்டத்தில்தான் சாணி கண்ணெதிரே குவிந்து கிடந்தது. அவருக்கு மட்டும் மாடுகளை அப்புறப்படுத்த ஒரு மாதம் கெடு கொடுத்துவிட்டுப் போனார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, குழிய மூடிட்டு நீங்களும் கண்மாய்க்கு வெட்டி விட்ருங்க. கொட்டம் தப்பிச்சிரும்" என்றேன்.

அவர் கறந்துகொண்டே சொன்னார். "எம் மக நாலு வயசுல பேதியில போயிருச்சு மாப்ள. கண்மாக்கரைக் கெணத்துத் தண்ணி. அப்ப நானும் கண்மாய்க்குத்தான் கழுவி விட்டுக்கிட்டு இருந்தேன். யார் வீட்டுச் சாணியோ, எங்க வீட்டுதாக்கூட இருக்கலாம்."



கெடு முடிகிற அன்று சமயநல்லூர் மாட்டு வியாபாரி ஒருவர் வந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் கமிஷனர் குழியில் இறங்கி, மிச்சச் சாணியைக் கூடையில் அள்ளிப் புல்லுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

"புல்லத் திங்க மாடு ஏதுண்ணே?"

"புல்லு கெடக்கட்டும் மாப்ள. மழை வந்தா இம்புட்டும் கண்மாய்க்குப் போயிரும்ல."

ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் அந்த மனுஷனைத் தனியாக விட்டுப் போக மனம் வரவில்லை. பேண்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, கூடையின் மறுபக்கத்தைப் பிடித்தேன்.