கொள்கையாரின் மோட்டார் சைக்கிள்

மார்ச் 3: 350
மார்ச் 9: 4,180
ஏப்ரல் 2: 11,600
மே 27: 19,450
ஆகஸ்ட் 14: 31,275
செப்டம்பர் 30: 0

மேலே இருப்பது ஒரு மோட்டார் சைக்கிளின் வரலாறு. ஆறே வரிகளில் முடிந்துவிட்டது. அதன் சொந்தக்காரரைப் பற்றி அப்படிச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. ஏனென்றால் அவர் ஓர் ஆள் அல்ல, ஓர் இனம். 'காசு பெரிசில்ல, கொள்கைதான் முக்கியம்' என்று சொல்லும் இனம்.

இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பேருந்தில் மீதிச் சில்லறை வரவில்லை என்று நடத்துநரோடு வாதாடிக்கொண்டே இறங்கவேண்டிய நிறுத்தத்தைக் கோட்டைவிட்டு, அடுத்த நிறுத்தத்தையும் கோட்டைவிட்டு, கடைசியில் சில்லறையை வென்று, அதைப்போல இருபது மடங்கு கொடுத்து வாடகைக் கார் பிடித்துத் திரும்பி வருகிறவர் இவர்தான். முகத்தில் வருத்தம் இருக்காது. வெற்றி இருக்கும். இவர் சண்டைக்காரரா? இல்லை. கஞ்சரா? அதுவும் இல்லை. கஞ்சராக இருந்தால் முந்நூற்றைம்பதோடு பிழைத்துப்போயிருப்பார்.

நம்முடைய ஆள் தண்ணீர் மீட்டர் அலுவலகத்தில் மேற்பார்வையாளர். நான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் முதல் மாடியில் குடியிருப்பவர். அலுவலகத்திலும் கட்டடத்திலும் அவருக்குக் கொள்கையார் என்றே பெயர். கேலியாக வைத்த பெயர் என்பது அவருக்குத் தெரியாது. யாரோ ஒருநாள் வாய்தவறி முகத்துக்கு நேராகவே கூப்பிட்டபோது, 'அப்படியெல்லாம் சொல்லாதீங்க' என்று கூச்சப்பட்டார்.

அவருக்கு வாழ்க்கையில் இரண்டு சந்தோஷங்கள். ஒன்று அந்த மோட்டார் சைக்கிள். மற்றொன்று கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரரோடு தினமும் சாயங்காலம் ஆடும் கேரம். பலகை கொள்கையார் வீட்டுக் கூடத்தில் இருக்கும். ஆட்டத்தில் ஜெயித்தவர் சிவப்புக் காயைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்துபோவார். மறுநாள் அவர் அதைக் கொண்டுவந்து நடுவில் வைத்தால்தான் ஆட்டம். பல வருஷமாக இதுதான் வழக்கம். மார்ச் இரண்டாம் தேதி ஜெயித்தது மருந்துக்கடைக்காரர். சிவப்பு அவர் பைக்குள் போயிற்று.

மறுநாள் சாயங்காலம் மருந்துக்கடைக்காரர் கட்டடத்துக்குக் கீழே தன் காரைப் பின்னால் எடுத்து நிறுத்தினார். காரின் பின்பக்கம் மோட்டார் சைக்கிளைத் தொட்டது. வண்டி விழவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். சாய்ந்தது. நின்று நின்று கால் வலித்தவன்போலப் பக்கத்துத் தூணில் நிதானமாகச் சாய்ந்தது. வலது பக்கக் கண்ணாடியில் ஒரு விரிசல், பிரேக் பிடியில் ஒரு வளைவு, பெட்ரோல் டேங்கில் நகத்தளவுக்கு ஒரு கீறல். சேதம் இவ்வளவுதான்.

மருந்துக்கடைக்காரர் காரைவிட்டு இறங்கி ஓடிவந்தார். "தப்பு என்னுதுதாய்யா. பின்னாடி பாக்கல. மன்னிச்சிக்க" என்று சொல்லிக்கொண்டே தெருமுனை மெக்கானிக்கைக் கையோடு கூட்டிவந்தார்.

மெக்கானிக் வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே, "கண்ணாடி நூத்தியிருபது, பிரேக் லீவர் நூத்தியெண்பது, டேங்க்குக்குப் பாலிஷ் அம்பது. டீ குடிச்சிட்டு வாங்க சார், வண்டி ரெடியா நிக்கும்" என்றார்.

மருந்துக்கடைக்காரர் பணத்தை எடுத்து நீட்டினார். கதை இங்கேயே முடிந்திருக்கும். முடியவிடுவாரா?

"காசு பெரிசில்லய்யா" என்றார் கொள்கையார். "நடந்தது இதுன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடு. அது போதும்."

"எழுதியா? ஒடஞ்ச கண்ணாடிக்கா? நான் என்ன ஒங்கிட்டப் பொண்ணு கேட்டு வந்தேனா, ஒப்பந்தம் போட?" என்று மருந்துக்கடைக்காரர் சிரித்துவிட்டார். மெக்கானிக்கும் சிரித்தார்.

கண்ணாடிக்கு விலை உண்டு, பிரேக் பிடிக்கு விலை உண்டு. அந்தச் சிரிப்புக்கு யாரும் விலை போடவில்லை. அதுதான் பிசகு.

அன்று சாயங்காலம் கேரம் இல்லை. கொள்கையார் உட்கார்ந்து ஏழு அம்சங்களோடு ஒப்புதல் கடிதத்துக்கு ஒரு நகல் தயாரித்தார். மருந்துக்கடைக்காரர் கையெழுத்து மட்டும் போட்டால் போதும். அவ்வளவு சௌகரியமாகச் செய்து, கீழ்வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தார். சற்று நேரத்தில் மருந்துக்கடைக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தார்.

"என்னய்யா இது? 'கீழே கையெழுத்திடும் குற்றவாளியாகிய நான்'னு ஆரம்பிச்சிருக்க?"

"அந்த வார்த்தை உறுத்தினா 'எதிரி'ன்னு மாத்திக்கலாம்."

"எதிரியா? நானா?"

"சட்டப்படி அப்படித்தான்யா சொல்லுவாங்க. மனசுல வச்சுக்காத."

மருந்துக்கடைக்காரர் கேரம் பலகையை ஒருமுறை பார்த்தார். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இறங்கிப் போய்விட்டார். சிவப்புக் காயும் அவரோடு இறங்கிப் போயிற்று.

கொள்கையாரின் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "அண்ணன் ஏன் ஆடாமப் போறாரு?"

"எழுத்துல வரட்டும், ஆடலாம்."

இந்த இனத்துக்கென்று ஒரு நம்பிக்கை உண்டு. தெருமுனையில் குறைந்த விலைக்குச் செய்தால் அது சமாதானம். கம்பெனி ஷோரூமில் அதிக விலைக்குச் செய்தால்தான் அது நியாயம். ஆகவே மார்ச் ஒன்பதாம் தேதி அவர் வண்டியை ஷோரூமுக்கு ஓட்டிக்கொண்டு போனார். அங்கே டை கட்டிய இளைஞர் ஒருவர், நோயாளியின் உறவினரிடம் பேசும் குரலில், கண்ணாடி ஜோடியாகத்தான் வரும் என்றும், பிரேக் பிடி தனியாக வராது, அது சேர்ந்திருக்கிற எல்லாவற்றோடும்தான் வரும் என்றும், டேங்குக்குப் புது வண்ணம் அடித்தால் பக்கத் தகடுகள் பழசாகத் தெரியும், ஆகவே அவற்றுக்கும் அடிக்கவேண்டும் என்றும் விளக்கி, 4,180 என்று எழுதிக் கொடுத்தார். கொள்கையாருக்கு அந்தத் தொகை பிடித்திருந்தது. அதில் ஒரு கனம் இருந்தது.

"இன்சூரன்ஸ்ல கேக்கப் போறீங்களா சார்?"

"ஆமா."

"அப்ப இது வேணாம். இன்சூரன்ஸுக்கு வேற எஸ்டிமேட்."

ஏப்ரல் இரண்டாம் தேதி வேறு எஸ்டிமேட் வந்தது. 11,600. 'வேறு' என்ற அந்த ஒரு சொல்லின் விலை ஏழாயிரத்து நானூற்றிருபது.

ஏப்ரல் எட்டாம் தேதி காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்த மதிப்பீட்டாளர் வண்டியை நான்கு பக்கமும் படம் எடுத்துவிட்டு, "முடிவு வர்ற வரைக்கும் எதையும் மாத்தாதீங்க. விபத்து நடந்தப்போ எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லோரிடமும் வழக்கமாகச் சொல்லும் பேச்சு. கேட்டவர் வழக்கமான ஆளாக இருந்திருக்கவேண்டும்.

விபத்து நடந்தபோது வண்டி எப்படி இருந்தது? தூணில் சாய்ந்து இருந்தது. இப்போது எப்படி இருக்கிறது? நிமிர்ந்து நிற்கிறது. இது மாற்றம் அல்லவா? கொள்கையார் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, வண்டியைப் பழைய இடத்துக்குத் தள்ளி, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து, மார்ச் மூன்றாம் தேதி சாய்ந்த அதே தூணில் அதே கோணத்தில் மெதுவாகச் சாய்த்தார். சாய்க்கும்போது கை வழுக்கி டேங்கில் இன்னொரு கீறல் விழுந்தது. அது முதல் கீறலைவிடப் பெரியது. கொள்கையார் நேர்மையானவர். சாக்பீஸ் எடுத்துப் புதுக் கீறலைச் சுற்றி வட்டம் போட்டு, 'இது என்னுடையது' என்று எழுதினார். பிறகு சக்கரங்களைச் சுற்றித் தரையிலும் கோடு போட்டு, வீட்டிலிருந்து ஒரு போர்வையைக் கொண்டுவந்து போர்த்தினார்.

கட்டடத்தில் யாரும் அந்தப் பக்கம் பந்து விளையாடக் கூடாது. கூட்டுகிறவர் தூணுக்கு இரண்டடி முன்னாலேயே நின்றுவிட வேண்டும். கொள்கையார் அலுவலகத்துக்குப் பேருந்தில் போனார். தொங்கிக்கொண்டு போனார். கீழ்வீட்டைத் தாண்டும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு போனார்.

"ஏங்க, ஊருக்குப் போகப் போர்வை வேணும்" என்றார் மனைவி.

"சாட்சியைத் தொடக் கூடாது."

"சாட்சியா? பாக்கறவங்க கீழே யாரோ போயிட்டாங்களோன்னு கேக்கறாங்க. அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை பேசினா முடிஞ்சுது."

"நீ யார் பக்கம்?"

"நான் போர்வை பக்கம்" என்றார் மனைவி.

மோட்டார் சைக்கிளுக்குக் கொள்கை கிடையாது. ஓட்டினால் ஓடும், போட்டுவைத்தால் கெடும். மே மாதக் கடைசியில் மதிப்பீட்டாளர் மறுபடி வந்து பார்க்கப் போர்வையை விலக்கினார்கள். பேட்டரி செத்திருந்தது. டயர்கள் தரையோடு ஒட்டியிருந்தன. பெட்ரோல் உள்ளுக்குள்ளேயே பிசினாகியிருந்தது. ஷோரூம் அவற்றையும் சேர்த்து 19,450 என்றது. ஆகஸ்டில் விலக்கியபோது சீட்டுக்கடியில் எலி ஒன்று குட்டிகளோடு குடியிருந்தது. வாடகையாக மொத்த வயரிங்கையும் கடித்துவைத்திருந்தது. 31,275.

ஒவ்வொரு தொகை வந்ததும் கொள்கையார் நகலைத் திருத்தினார், ஏழு அம்சங்களை மட்டும் மாற்றவில்லை. புதுத் தொகையை மேலே எழுதிக் கீழ்வீட்டுக் கதவிடுக்கில் செருகினார். பதில் இல்லை. கூடத்தில் கேரம் பலகை சுவரில் சாய்ந்து நின்றது. மனைவி அதை எடுத்துப் படுக்கப் போட்டு, இஸ்திரி போட்ட துணிகளை அடுக்க ஆரம்பித்தார். சாயங்காலங்களில் கொள்கையார் அந்தத் துணிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருநாள் அவற்றை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, வெள்ளைக் காய்களையும் கறுப்புக் காய்களையும் அடுக்கிப் பார்த்தார். நடுவில் ஓர் ஓட்டை விழுந்த மாதிரி இருந்தது. திரும்பத் துணிகளை எடுத்துவைத்தார்.

செப்டம்பர் முப்பதாம் தேதி காப்பீட்டு நிறுவனம் பதில் அனுப்பியது. முதல் சேதம் சொந்தக்காரரே ஏற்கவேண்டிய அளவுக்குள் அடங்கும். பேட்டரி, டயர் முதலியவை பராமரிப்புக் குறைவு. எலி விபத்தாகாது. ஆகவே நிறுவனம் தரவேண்டியது பூஜ்யம்.

அக்டோபரில் தெருமுனை மெக்கானிக் வந்து வண்டியைப் பழைய இரும்பு விலைக்குமேல் கொஞ்சம் கொடுத்து எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் பேருந்து நிறுத்தத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

"ஏறுங்க சார், அந்தப் பக்கம்தான் போறேன்" என்றார் மெக்கானிக்.

வண்டி பளபளவென்று இருந்தது. கண்ணாடி புதுசு, பிரேக் பிடி புதுசு. டேங்கில் இரண்டு கீறல்களும் அப்படியே இருந்தன.

"இதை ஏன் விட்டுட்டே?"

"எது சார்? ஓ, இதுவா" என்று மெக்கானிக் குனிந்து பார்த்தார். "இதெல்லாம் யாரு சார் பாக்கறா?"

அந்த வாரக் கடைசியில் கீழ்வீட்டு வாசலில் லாரி வந்து நின்றது. மருந்துக்கடைக்காரர் கடையை விற்றுவிட்டு, மகள் இருக்கும் ஊருக்கே குடிபோகிறார் என்று மனைவி வந்து சொன்னார். கொள்கையார் பால்கனியில் நின்று, கட்டிலும் அலமாரியும் ஏறுவதைப் பார்த்தார்.

"போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க. வண்டிதான் போச்சு."

"நான் இறங்கிப் போனா, இவ்வளவு நாள் நான் நின்னதுக்கு என்ன அர்த்தம்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு மனைவி மட்டும் இறங்கிப் போனார். லாரி கிளம்பும்போது மருந்துக்கடைக்காரர் ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். கொள்கையார் சட்டென்று கொடியில் கிடந்த துண்டைச் சரிசெய்தார். துண்டு சரியாகத்தான் இருந்தது.

சில வாரம் கழித்து, கையெழுத்துப் போட்டு வாங்கவேண்டிய பதிவுத் தபால் ஒன்று வந்தது. உள்ளே, அவரே எழுதிய அந்த நகல். ஏழு அம்சங்களையும் ஒப்புக்கொண்டு மருந்துக்கடைக்காரர் கையெழுத்துப் போட்டிருந்தார். 'குற்றவாளியாகிய' என்ற சொல்லைக்கூட அடிக்கவில்லை. நான்காவது அம்சத்தில் மட்டும் 'இடது பக்கக் கண்ணாடி' என்றிருந்ததை அடித்து 'வலது' என்று மாற்றி, பக்கத்தில் சின்னதாக ஒரு கையெழுத்து. உறையின் மூலையில் ஏதோ தடித்துத் தட்டுப்பட்டது. கவிழ்த்தார். சிவப்புக் காய் விழுந்து, உருண்டு, துணிகளுக்கடியில் போய் நின்றது.

அவர் விரும்பிக் கேட்டது முழுதாக, எழுத்தில் வந்துவிட்டது. எழுத்தில் வந்தால் ஆடலாம் என்று சொன்னவரும் அவர்தான். துணிகளை எடுத்துக் கீழே வைத்தார். காய்களை அடுக்கினார். சிவப்பை நடுவில் வைத்தார். எதிர்நாற்காலியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தவர், பிறகு கூடத்து விளக்கைப் போட வந்த மனைவியிடம், "வலதுதான். அவன் சொன்னது சரி" என்றார்.

பாவம் என்று நீங்கள் தலையை ஆட்டுவது தெரிகிறது. இப்படியும் ஒரு மனிதரா என்று சிரிப்பதும் தெரிகிறது. நல்லது. ஒரே ஒரு கேள்வி. கண்ணாடி இடதா வலதா என்று சரிபார்க்க மேலே ஒருதரம் போய்விட்டு வந்தீர்களா? மதிப்பீட்டாளர் சொன்னது எந்தத் தேதி, அதற்குள் வண்டி எத்தனை நாள் நிமிர்ந்து நின்றது என்று விரல்விட்டுப் பார்த்தீர்களா? அப்படியானால், உங்கள் கட்டடத்துக்குக் கீழே எதன்மீதாவது போர்வை கிடக்கிறதா என்று ஒருமுறை இறங்கிப் பார்த்துவிடுங்கள். இறங்கும்போது, யார் வீட்டைத் தாண்டுகையில் உங்கள் முகம் சுவர்ப்பக்கம் திரும்புகிறது என்பதையும் கவனியுங்கள்.

இனி சரிபார்க்க மிச்சமிருப்பது ஒன்றுதான். கடைசிக் கடிதம் வந்து சேர்ந்த தேதி: நவம்பர் 19.