பாலம் தாண்டினால் மாறும் அளவு

வில்லியனூர் மணவாளன் மனையை அளக்கும் டேப்பை உலகத்தில் எந்தக் கம்பெனியும் இன்னும் தயாரிக்கவில்லை. சங்கிலி போட்டால் சங்கிலி வெட்கப்படும். செயற்கைக்கோள் மேலிருந்து படம் எடுத்தால், ஒரு படத்தில் அடங்காமல் இரண்டாவதும் எடுக்கவேண்டி வரும். சொன்னவர் யார்? மணவாளனேதான். டீக்கடையில், கையிலிருந்த வடை ஆறுவதற்குள்.

வாசகர்களே, இவர் தனி ஆளில்லை, ஓர் இனம். இந்த இனத்தார் வீட்டை விற்பார்கள், அளந்து விற்கமாட்டார்கள். சர்வேயர் என்ற சொல் காதில் விழுந்ததும் கை தானாகவே போய்ச் சட்டைப்பையை மூடிக்கொள்ளும். கொம்யூன் பஞ்சாயத்துக்கு ஒருவர் இருப்பார் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். தெருவுக்கு நான்கு பேர்.

வீடு பார்க்க வருபவரை மணவாளன் முதலில் உட்காரவைப்பார், மோர் கொடுப்பார், மோர் உள்ளே இறங்கியதும் எழுந்து வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, ஒரு காலின் கட்டைவிரலை ஒட்டி மறுகாலின் குதிகாலை வைத்து, எறும்புகள் முந்திக்கொண்டு போகும் வேகத்தில் மனையை நடந்தே அளந்து காட்டுவார். மனை வளர்ந்துகொண்டே போகும். இதே மனிதர், வீட்டுவரி போட ஆள் வந்த அன்று எப்படி அளந்தார் தெரியுமா? வாசலில் ஒரு கால், கொல்லையில் ஒரு கால்.

“அவ்ளோதான் சார். கோழிக்கூண்டு மாதிரி எடம்.”

திருவாண்டார்கோயில் பக்கம் கம்பெனியில் வேலை பார்க்கும் சுகுமாருக்கு வீடு பிடித்துப்போனது.

“அண்ணே, ஒரு தபா சர்வேயர வச்சு அளந்து காட்டிடுங்க. அட்வான்ஸ் குடுத்துடறேன்.”

“அளக்கறதா? இது பிரெஞ்சுக்காரன் அளந்த எடம்பா. ஹெக்டேரு, ஆருன்னு அவன் அளவுலயே பேப்பர்ல எழுதி வச்சிட்டுப் போயிருக்கான். சந்தேகம்னா அவனைப் போய்க் கேளு.”

“அவன்தான் போயிட்டானேண்ணே!”

“அப்ப நீயே காசு குடுத்து அளந்துக்க. பொண்ணு பாக்க வர்றவன் காருக்குப் பொண்ணு வூட்டுக்காரனா பெட்ரோல் போடுவான்?”

உள்ளேயிருந்து அவர் மனைவி புவனேஸ்வரியின் குரல் வந்தது. “மீன் விக்கிற வேலம்மாள் தராச தானேதான் தூக்கினு வருது. வாங்குற நாமளா எடுத்துனு போறோம்?”

மணவாளனுக்கு அப்போது மட்டும் காது கேட்காது.

புவனேஸ்வரிக்கு அவசரம். மகள் தென்றலுக்கு நிறைமாதம். அரியாங்குப்பத்தில் தென்றல் வீட்டை ஒட்டிய வீட்டை இன்னாசிமுத்து விற்கிறார். நடுவில் ஒரே சுவர். பேரப்பிள்ளை அழுதால் இந்தப் பக்கம் கேட்கும், செருப்புகூடப் போடாமல் ஓடலாம். ஆனால் இந்த வீட்டுக்கு அட்வான்ஸ் வந்தால்தான் அந்த வீட்டுக்கு அட்வான்ஸ்.

இருவரும் வண்டியில் ஆற்றுப்பாலம் தாண்டி அரியாங்குப்பம் போனார்கள். இன்னாசிமுத்து பணிவாகச் சொன்னார்: “உங்க காசுல சர்வேயர வச்சு அளந்துக்கங்க சார். நான் வேணான்னா சொல்றேன்?”

மணவாளன் நெஞ்சை நிமிர்த்தினார். “விக்கிறது யாரு? நீ. சரக்கு யாருது? உன்னுது. அளந்து காட்டறது யாரு வேலை?”

“எங்க தாத்தா காலத்துலயே பிரெஞ்சுக்காரன் அளந்தது சார் இது.”

“எந்தப் பிரெஞ்சுக்காரன்? அவன் பேரு இன்னா? கூப்புடு அவனை!”

பார்த்தீர்களா? பாலத்துக்கு வடக்கே ஒரு கொள்கை, தெற்கே ஒரு கொள்கை. நடுவில் ஓடுகிற ஆற்றுக்குத்தான் எந்தக் கொள்கையும் இல்லை.

“நாளைக்கு வேற பார்ட்டி வருது சார்” என்று சொல்லிவிட்டு இன்னாசிமுத்து உள்ளே போய்விட்டார்.

திரும்பும் வழியில் வண்டி பாலத்தில் ஏறியது. நடுவில் வந்ததும் புவனேஸ்வரி அவர் தோளைத் தட்டினாள்.

“நிறுத்துங்க.”

“பாலத்து மேலயா?”

“பாலத்து மேலதான்.”

இறங்கி நின்றாள். பின்னால் பஸ் அலறியது. மீன்கூடை கட்டிய வண்டிக்காரர் ஒருவர், “இன்னா பெருசு, ஆத்துல மனை பாக்கறியா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

“இப்ப சொல்லுங்க. இங்க நின்னா நீங்க விக்கிறவரா, வாங்குறவரா?”

மணவாளன் வடக்கே பார்த்தார். தெற்கே பார்த்தார். இரண்டு கரையும் கைவிட்டுவிட்டன.

“நடுவுல நிக்கிறேன் புவனா.”

“அப்ப ரெண்டு பக்கத்துக்கும் சர்வேயர் காச நீங்களே குடுங்க. இல்லன்னா நான் இப்படியே தென்றல் வூட்டுக்கு நடந்து போயிடறேன். நீங்க அந்தப் பிரெஞ்சுக்காரன்கூடக் குடும்பம் நடத்துங்க.”

வண்டி தெற்கே திரும்பியது. அளக்கும் காசைத் தானே தருவதாக இன்னாசிமுத்துவுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

பிறகு வில்லியனூருக்கும் சர்வேயர் வந்தார். அவர் கருவியோடு முன்னால் போக, மணவாளன் கட்டைவிரல், குதிகால், கட்டைவிரல், குதிகால் என்று பின்னாலேயே சரிபார்த்துக்கொண்டு போனார். மேற்குச் சுவருக்கு வந்ததும் சர்வேயர் நின்றார். தலையைச் சொறிந்தார். சுவரைச் சுற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குள் போய், அங்கிருந்த பாத்ரூமின் நடுவில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிட்டு வந்தார்.

அடுத்த வீடு யாருடையது? வேறு யாருடையது, இதையெல்லாம் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சிரித்துச் சிரித்து எழுதிக்கொண்டிருந்தவனுடையதுதான்.

சுவர்மேல் மணவாளனின் தலை முளைத்தது.

“இன்னாடா எழுதற? என்னப் பத்தியா? எழுது, எழுது. உங்க பாத்ரூம் பாதி என் மனையில நிக்குதுன்னும் சேத்து எழுது.”

பேனா நின்றது.

“மூஞ்சி ஏன்டா இப்படிப் போவுது? இடிக்க வுட்டுடுவேனா? சுகுமார்கிட்ட சுவர் வரைக்கும்தான் விக்கிறேன்னு சொல்லிட்டேன். அந்தத் துண்டு எடத்தை உங்கப்பன் பேர்லயே எழுதிடலாம். துண்டைத் தனியாப் பிரிக்க இன்னொரு தபா அளக்கணுமாம். அதுக்கு மட்டும் நீங்க காசு குடுத்துடுங்க.”

எழுதியவனின் வாய், எழுதியவனைக் கேட்காமலேயே திறந்துகொண்டது.

“எதுக்கு மாமா அளந்துகினு? பிரெஞ்சுக்காரன் அளந்த எடம்தானே இது!”

மணவாளன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் மேலிருந்த காரை உதிர்ந்தது.

“புவனா, ஓடியா! பேரப்பிள்ளைக்கு முன்னாடி இங்க என்னாட்டமே ஒண்ணு பொறந்துடுச்சு!”

நீங்களும் சிரித்து முடித்துவிட்டீர்களா? நல்லது. அப்படியே கொல்லைப்பக்கம் ஒரு நடை போய் உங்கள் சுவரைப் பார்த்துவிட்டு வாருங்கள். போகும்போது உங்கள் கை எங்கே போகிறது என்றும் கவனியுங்கள். சட்டைப்பைக்கா?