நிச்சயதார்த்தத் தும்மல்

கோபத்தை அடக்கலாம், அழுகையை அடக்கலாம், தும்மலை மட்டும் அடக்க முடியாது. என் நிச்சயதார்த்தத்தன்று அடக்கிப் பார்த்தேன். கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

ஹட்டனுக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம். (எங்கள் என்றால் நாங்கள் குடியிருந்த தோட்டம், சொந்தம் என்று இருந்தது லயத்து வரிசைவீட்டு வாசலில் இரண்டு ரோஜாச் செடி.) தை மாதம் மழை விட்டு வெயில் ஏறினால், லயத்துக்குப் பின்னால் மானாப்புல் பூத்துக் காற்றில் ஆடும். வருஷா வருஷம் அப்போதுதான் என் மூக்கு ஒழுகத் தொடங்கும். பனிச்சளி என்று அம்மா கொத்தமல்லி அவித்துக் கொடுப்பார். முன்பள்ளி டீச்சரான நானும் அப்படித்தான் நம்பினேன்.

மாப்பிள்ளை கிருபா மஸ்கெலியாவில் போன் கடை வைத்திருந்தார். ஓரிரு தடவை பேசியிருந்தோம். எனக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது. வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

நிச்சயத்தன்று காலையிலேயே மூக்கு அரித்தது. சளியை முளையிலேயே கிள்ளிவிடலாம் என்று கண்ணுக்குக் கீழே தலைவலி பாம் பூசிக்கொண்டேன். (என் அறிவு அப்படி.) திறந்த ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள். அந்தப் பக்கம் முழுக்க மானாப்புல்.

இரு வீட்டாரும் தட்டு மாற்றக் கை நீட்டிய நொடியில் நான் தும்மினேன்.

"ஐயோ, ஒத்தத் தும்மல்!" என்றது ஒரு குரல். கிருபாவின் அம்மா தட்டோடு கையை இழுத்துக்கொண்டார். தண்ணீர் குடிக்க வைத்து, மறுபடி தட்டை எடுத்தார்கள். இந்த முறை மூச்சைப் பிடித்து அடக்கினேன். முகம் சிவந்தது, தோள் குலுங்கியது, கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாகக் கொட்டியது.

கிருபாவின் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அம்மாடி, மனசுல வேற யாராச்சும் இருந்தா சொல்லு. நான் சத்தம் போட மாட்டேன்."

"இல்லங்க அத்த..." என்று தொடங்கினேன். மிச்சத்தைத் தும்மல் தின்றுவிட்டது. கண்ணீர் அவர் கையில் சொட்டியது.

"எங்க அக்காவ அழ அழத்தான் கட்டிக் குடுத்தாங்க. அவ கடைசி வரைக்கும் சிரிக்கவே இல்ல. இன்னொரு புள்ளைய அப்படி என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேன்" என்று எழுந்துவிட்டார். தட்டும் அவர்களோடு போய்விட்டது.

அம்மா அடுப்படியில் அழுதார். நானும் அன்று உண்மையாகவே அழுதேன். வித்தியாசம் யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் கிருபா எனக்குப் போன் எடுத்தார்.

"நேராக் கேக்குறேன். என்னைப் புடிக்கலையா?"

"புடிச்சிருக்குங்க."

"அப்ப ஏன் அழுதீங்க?"

"அழலைங்க. மூக்கு."

"மூக்கா?" என்றார்.

அவர்தான் தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். டாக்டர் கேட்டார்: "காய்ச்சல் இருக்கா?" இல்லை. "மூக்குல கெட்டியா வருதா, தண்ணியாவா?" தண்ணியாக. "கண்ணு அரிக்குதா? வருஷா வருஷம் இதே மாசமா?" ஆமாம், ஆமாம்.

"இது சளி இல்லம்மா. புல்லு பூக்குறப்ப மகரந்தத்தூள் காத்துல பறக்கும். அது உங்களுக்கு ஒத்துக்கல. அலர்ஜி. மாத்திரை தாறேன். இந்த மாசங்கள்ல ஜன்னலச் சாத்தி வைங்க, வெளியில போய்ட்டு வந்தா முகத்தக் கழுவுங்க." என் கண்ணுக்குக் கீழே இன்னும் சிவந்திருந்ததை உற்றுப் பார்த்தார். "அந்த இடத்துல பாம் பூசுனது யாரு?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"அப்ப புள்ள அன்னைக்கு அழலையா டாக்டர்?" என்று கேட்டார் கிருபாவின் அம்மா.

"அத அவங்களத்தான் கேக்கணும்."

அத்தை என் பக்கம் திரும்பினார். "சம்மதமாம்மா?"

"சம்மதம் அத்த!" என்றேன். வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன்.

புல் பூத்து ஓய்ந்த பிறகு, வைகாசியில் கல்யாணம் நடந்தது.

போன தையில் என் கொழுந்தனாருக்குக் கல்யாணம். ஐயர் தாலியை எடுத்துக் கொடுக்கப் போனார். அத்தை கையைக் காட்டி நிறுத்தினார்.

"கொஞ்சம் இருங்க சாமி. மூத்த மருமக தும்மி முடிச்சிரட்டும்."

மண்டபமே காத்திருந்தது. மாத்திரை போட்டிருந்ததால், எவ்வளவு முயன்றும் எனக்குத் தும்மல் வரவில்லை.