கூரைக்குப் போகாத சட்டி

லுணுகலை–பதுளை பஸ் கண்டக்டர் 'அன்னைக்கி' அண்ணனைப் போல ஒரு நீதிபதி இந்த ஊவா மாகாணத்திலேயே கிடையாது. சொந்தப் பெயர் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. எந்தத் தீர்ப்பையும் "அன்னைக்கி ஒருத்தரு..." என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் அந்தப் பெயர்.

அவருடைய சட்டம் எளிது. சாமான் மூன்று வகை: மடிக்கு, தலைக்கு மேல் தட்டுக்கு, கூரைக்கு. எது எந்த வகை என்பதில்தான் வில்லங்கம். ஒருமுறை தட்டிலிருந்து ஒரு பலாப்பழம் டிரைவர் தோளில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து உருண்டையானதெல்லாம் மடிக்கு. தவில்காரர் தவிலை மடியில் வைத்து, பதுளை வரை முகம் தெரியாமலே வந்தார். இன்னொரு நாள் ஒரு சேவல் உள்ளே கூவித் தொலைத்தது. உடனே சத்தம் போடுவதெல்லாம் கூரைக்கு. அலாரம் அடித்த பாவத்துக்கு ஒரு மேசைக் கடிகாரம் மழையில் நனைந்தபடி ஊர் போய்ச் சேர்ந்தது.

மண்சட்டியா? யோசிக்கவே வேண்டாம், கூரைதான். எப்போதோ எருமைத்தயிர்ச் சட்டி உடைந்து பஸ் முழுக்க வழுக்கியதாம்.

போன வருடம் அப்பாவின் அஸ்தியை மண்சட்டியில் வைத்து, வெள்ளைத் துணி கட்டி, ஆற்றில் கரைக்கப் பதுளைக்குக் கிளம்பினேன். "ஆத்துக்குப் போற வரைக்கும் கையை விட்டு எறக்காத" என்று அம்மா அழுதபடி சொல்லி அனுப்பியிருந்தாள்.

பஸ்ஸில் கால் வைத்தேன்.

"சட்டியா? கூரைக்கு. அன்னைக்கி ஒருத்தரு தயிரு..."

"தயிரு இல்லண்ணே. அப்பா."

அண்ணன் சட்டியையே பார்த்தார். இத்தனை வருட ஞாபகத்தையும் புரட்டுகிறார், இப்படி ஒன்று அகப்படவில்லை. கூரை என்று சொல்லிவிட்டால் இறங்கி நடந்தே போவது என்று முடிவு செய்துவிட்டேன்.

"மேல் டிவிசன் ராமையாண்ணனா?"

"ஆமாண்ணே."

"அன்னைக்கி கொட்டுற மழையில எல்லாரும் கண்ணாடிய மூடுனாங்க. இவரு மட்டும் தெறந்து வச்சு நனைஞ்சுக்கிட்டே வந்தாரு" என்றார். பிறகு மூன்றாவது வரிசைப் பக்கம் திரும்பினார். "தம்பி, எந்திரிங்க. அது அவரு சீட்டு. இது சாமான் இல்ல, ஆளு."

ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அண்ணனே வந்து கண்ணாடியைத் திறந்துவிட்டார். சாரல் அடித்தது. அப்பாவும் நானும் நனைந்தோம். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை வந்துவிட்டது.

இப்போது சட்டம் மாறிவிட்டது. மண்சட்டியோடு யார் ஏறினாலும் அண்ணன் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்.

"யாருங்க இது?"

"தயிருங்க."

"பரவாயில்ல, ஜன்னலோரமா உக்காருங்க."

பதுளைக்குச் சீக்கிரம் போக இப்போது வேன் ஓடுகிறது. நான் அண்ணனின் பஸ்ஸுக்குத்தான் காத்து நிற்கிறேன்.