பிரஷர் ஏறாத இடம் தேடிய டூலெட் அண்ணன்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் பத்திரிகைக்கு எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். வாசகர்கள் மன்னிக்க வேண்டும். மந்தைவெளியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மற்றவர்கள் எழுதியதை நகல் எடுத்துக் கொடுப்பதுதான் இத்தனை வருடமாக என் பிழைப்பு. சொந்தமாக ஒரு பக்கம் எழுதியதில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் "ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா?" என்பதற்கு மேல் பேச எனக்கு வாய் வராது. ஆனால் டூலெட் அண்ணனைப் பற்றி யாராவது எழுதித்தான் ஆக வேண்டும். அவரையே எழுதச் சொன்னால் அதில் ஒரு வரிகூட நிஜமாக இருக்காது.

மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரைக்கும் வாடகைக்கு இருப்பவர்களில் பாதிப் பேரைக் குடிவைத்தவர் அவர். மீதிப் பாதியைக் காலி செய்ய வைத்தவரும் அவரே. வீட்டுத் தரகர். என் கடை வாசலில் கிடக்கும் பெஞ்சுதான் அவருடைய ஆபீஸ். அவருக்கு ஊர் வைத்த பெயர் டூலெட். எனக்கு அவர் வைத்த பெயர் ஜெராக்ஸு. இருவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஆதார் அட்டையில் பத்திரமாக இருக்கிறது. ஒருமுறை ஆஸ்பத்திரியில் அவர் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டபோது, "யாருப்பா அது, காது கேக்காத ஆளு?" என்று அவரும் சேர்ந்து சுற்றிப் பார்த்தார்.

அவர் வாயால் ஒரு வீடும் கெட்ட பெயர் வாங்கியதில்லை. ஜன்னல் இல்லாத அறை என்றால், "ஏசி போட்டா ஒரு பொட்டு காத்து வெளிய போவாது." கூவம் பக்கத்தில் வீடு என்றால், "ஆத்தைப் பாத்த வாசல், நைனா. ராஜாங்க இப்டித்தான் கட்டுவாங்க." லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி என்றால், "ஜிம்முக்குக் குடுக்கற துட்டு மிச்சம்." ஸ்டேஷனுக்கு நடந்தால் ஐந்து நிமிடம் என்பார். அந்த ஐந்து நிமிடத்தில் ஸ்டேஷனை அடைந்தவர் யாரும் இதுவரை பிறக்கவில்லை. சதுர அடி, தூரம், கட்டடத்தின் வயது என்று எந்த எண்ணாக இருந்தாலும் அவர் சொன்ன பேச்சைக் கேட்கும்.

அப்படிப்பட்டவரை ஒரு எண் படாதபாடு படுத்தியது.

அவருக்குக் கண்ணில் புரை வந்திருந்தது. அதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "பொகை, நைனா. மெட்ரோக்காரன் தோண்டித் தோண்டி ஊரெல்லாம் பொகை" என்றார். ஒருநாள் வீடு பார்க்க வந்த ஒரு குடும்பத்தை அடுத்த வீட்டுக்குள் அழைத்துப் போய்விட்டார். ஹால், சமையலறை எல்லாம் காட்டி முடித்து, சாமான் செட்டெல்லாம் ஓனரே விட்டுவிட்டுப் போகிறார் என்றும் சொல்லிவிட்டார். குளித்துவிட்டுத் துண்டோடு வெளியே வந்த வீட்டுக்காரரைப் பார்த்து, "வாட்ச்மேனும் உண்டு" என்றாராம். அந்த வீட்டுக்காரர் என் கடை வரைக்கும் வந்து கத்திவிட்டுப் போன பிறகுதான், அண்ணன் அடையாறில் உள்ள கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சம்மதித்தார். மனைவி இறந்துவிட்டார், மகள் கோயம்புத்தூரில். அதனால் துணைக்கு நான் போனேன்.

ஆபரேஷன் என்றார்கள். சரி என்றார். அதற்கு முன் பிரஷர் பார்க்க வேண்டும் என்றார்கள். அதற்கும் சரி என்றார். நர்ஸ் அவர் கையில் பட்டையைச் சுற்றியதும் கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்து, கிணற்றில் குதிக்கப் போகிறவர் மாதிரி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். மிஷின் உறுமியது.

"மேல நூத்தித் தொண்ணூறு, கீழ நூத்திப் பத்து" என்றார் நர்ஸ்.

"இன்னாம்மா, எடுத்த எடுப்புலயே இம்மாம் பெரிசா சொல்றே? முடிவா ஒண்ணு சொல்லு."

"இதான் சார் முடிவு."

"ஒனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். மேல நூத்தி நாப்பது, கீழ தொண்ணூறு. எழுதிக்கோ."

நர்ஸ் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் உட்கார வைத்து மறுபடி பார்த்தார். இன்னும் ஏறியிருந்தது.

"பாத்தியா ஜெராக்ஸு" என்று என் காதில் சொன்னார். "பேரம் பேசுனா ஏத்திடறாங்க."

இவ்வளவு பிரஷரோடு ஆபரேஷன் செய்ய முடியாது, வீட்டில் சில நாள் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். என் மச்சான் வீட்டிலிருந்து ஒரு மிஷினைக் கடன் வாங்கி வந்து, அவர் கட்டிலில் உட்காரவைத்துப் பார்த்தேன். குழந்தைப் பிள்ளைக்கு இருப்பதுபோல் சுத்தமாக இருந்தது. மறுநாளும் அப்படியே. ஆஸ்பத்திரியில் அந்தக் காகிதத்தைக் காட்டியபோது, "சிலருக்கு இங்க வந்தா பயத்துல ஏறும். பயப்படாம இருங்க" என்றார் டாக்டர். பயப்படாதே என்று சொன்னதும் அண்ணனுக்கு வேர்த்தது. பார்த்தார்கள். ஏறியிருந்தது. ஆபரேஷனுக்கு வேறு தேதி கொடுத்தார்கள்.

வேறு யாராவது என்றால் தன்மேல் சந்தேகப்படுவார்கள். அண்ணன் தரகர் ஆயிற்றே, இடத்தின் மேல் சந்தேகப்பட்டார்.

"வூட்ல நல்லாத்தானே கீது? அப்ப கோளாறு எனக்கில்ல நைனா, அந்த எடத்துக்கு. மொதல்ல பிரஷர் ஏறாத எடமா ஒண்ணு புடிப்போம். அங்க எழுதி வாங்கிக்கினு போய் இவங்க மூஞ்சில காட்டுவோம்."

அன்றிலிருந்து கடையை என் மனைவியிடம் விட்டுவிட்டு அவரோடு கிளினிக் கிளினிக்காக அலைந்தேன். மனிதர்கள் வீடு பார்ப்பதுபோல் அவர் கிளினிக் பார்த்தார். வாசலில் நின்று சூரியன் எந்தப் பக்கம் என்று பார்ப்பார். சுவரைத் தட்டிப் பார்ப்பார். குழாயைத் திறந்து மூடுவார். லஸ் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் நாற்காலி உத்தரத்துக்கு நேர் கீழே இருந்ததால் உட்காரவே மாட்டேன் என்றுவிட்டார். சைதாப்பேட்டையில் எல்லாம் பொருந்தி வந்தது. பட்டையைச் சுற்றும் நேரம் பார்த்து ஜன்னலுக்குப் பின்னால் ரயில் போயிற்று. தி. நகரில் மாடிப்படி ஏறியதற்கே இருபது பாயின்ட் கழிக்க வேண்டும் என்று சண்டை போட்டார். ஆதம்பாக்கத்தில் மட்டும் முகம் மலர்ந்தது. "இன்னா காத்து! வேப்பமரம் பார்! இங்க ஏறாது" என்றார். ஏறியது. "நாற்காலி தெற்க பாத்துக்கினு கீது. நான் அப்பவே நெனச்சேன்."

இதில் எனக்கு ஒரு தனிக் கஷ்டம் இருந்தது. வீடு பார்க்கும்போது வீட்டுப் பெண்களை முதலில் சமையலறைக்கு அனுப்புவது அவர் வழக்கம். அதே மாதிரி எல்லா இடத்திலும் என்னை முதலில் உட்காரவைத்தார். "நீ பாரு ஜெராக்ஸு. ஒனக்கு ஒத்து வருதான்னு பாப்போம்." எனக்கும் அந்தப் பட்டையைக் கண்டால் உள்ளங்கை ஜில்லிட்டுவிடும். ஆனால் யாரிடமும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதே. கையை நீட்டினேன். கடைசியில் ஆதம்பாக்கம் டாக்டர் அவரை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். எல்லா இடத்துச் சீட்டையும் வாங்கிப் பார்த்தார். என்னையும் வீட்டில் பார்த்து எழுதிவரச் சொன்னார். என் வீட்டிலும் ஏறியே இருந்தது.

"அவருக்கு பயம். உங்களுக்கு நிஜமாவே பிரஷர்" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். இன்றுவரை சாப்பிடுகிறேன்.

"நான் இல்லேன்னா ஒனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றார் அண்ணன். இதற்காக என்னிடம் தரகு கேட்காதது ஒன்றுதான் பாக்கி.

மறுபடி கண் ஆஸ்பத்திரியில் கொடுத்த தேதி வந்தது. போனோம். ஏறியது. ஆட்டோவில் திரும்பி வந்தோம். அடையாறு பாலத்தின் மேல் டிராஃபிக்கில் நின்றபோது, "நைனா, ஒண்ணு சொன்னா வெளிய சொல்லக்கூடாது" என்றார்.

"சொல்லுங்கண்ணே."

"எடது கண்ணு எனக்கு வேலை செய்யாது. சின்ன வயசுல கில்லி அடிச்சுது. இத்தினி வருசமா இந்த ஒரு கண்ணுலதான் ஊருக்கே வூடு காட்டிக்கினு கீறேன்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இரண்டு கண்ணும் ஒரே மாதிரிதான் இருந்தன.

"தெரிஞ்சா எவன் என்னை நம்பி வூடு பாக்க வருவான்? இப்ப அந்த ஒத்தக் கண்ணுல கத்தி வெக்கறேன்றாங்க. பட்டையைச் சுத்தும்போதெல்லாம், தோ ஆரம்பிச்சிட்டாங்கன்னு தோணுது. ஏதாவது ஆயிட்ச்சுன்னா அப்பால நான் இன்னா பண்ணுவேன்?"

நல்லதாக நாலு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். பாலம் முடியும்வரை ஆட்டோ மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தேன். அது ஓடவில்லை.

அடுத்துக் கொடுத்த தேதியன்று ஒரு காரியம் செய்தேன். அண்ணனை வெளியே உட்காரவைத்துவிட்டு, பிரஷர் பார்க்கும் அறைக்குள் தனியாகப் போனேன். முன்பின் பழகாத ஒருவரிடம் நானாகப் போய்ப் பேசுவது எனக்குப் பெரிய விஷயம். அன்றைக்கு இருந்தவர் வயதான நர்ஸ். அவரிடம் என்னென்னவோ சொல்ல நினைத்துப் போய், "சிஸ்டர், அவர் வீட்டு புரோக்கர். அவர்கிட்ட வீடு கேளுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது.

அண்ணன் என்னோடு உள்ளே வந்து வழக்கம்போல் கிணற்றில் குதிக்கத் தயாரானார்.

"ஏன் சார், நீங்க வீடு பாத்துத் தருவீங்களாமே?" என்றார் நர்ஸ், பட்டையைச் சுற்றிக்கொண்டே. "மந்தைவெளி பக்கம் ரெண்டு பெட்ரூம்ல கிடைக்குமா?"

அண்ணன் மூச்சை விட்டார். "எத்தினி பேரும்மா?"

"நாலு பேர். மாமியாருக்கு முட்டிவலி, மாடி ஏற மாட்டாங்க. கார் நிறுத்தணும். தண்ணி உப்பா இருக்கக்கூடாது."

"கவிச்சி சமைப்பீங்களா?"

"ஞாயித்துக்கிழமை."

"அப்ப கோயில் பக்கத்துல வேணாம். ஆர்.ஏ.புரம் பக்கமா பாக்கலாம்."

"என்ன வாடகை ஆகும்? அவசரமில்ல சார். பேசாம உக்காந்து நல்லா யோசிச்சு, கடைசி ரேட்டா ஒண்ணு சொல்லுங்க."

அண்ணன் கண்ணை மூடினார். இந்த முறை இறுக மூடவில்லை. உள்ளே தெருத் தெருவாகப் போய்க்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். ஒரு வீட்டு வாசலில் நிற்பார், மாடிப்படியைப் பார்ப்பார், தலையை லேசாக ஆட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். மிஷின் உறுமிப் பட்டை இறுகியபோதும் அவர் திரும்பவில்லை. பட்டை தளர்ந்தது.

கண்ணைத் திறந்து ஒரு வாடகை சொன்னார்.

"கொஞ்சம் குறைக்கக் கூடாதா?"

"கொறையாதும்மா. ஓனர் ஒரு மாதிரி."

"சரி, அது கிடக்கட்டும். பிரஷர் நல்லா இருக்கு. ஆபரேஷனுக்கு ரெடியாகுங்க."

"இன்னாது? எப்போ பாத்தே?" என்று கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சொல்லாம கொள்ளாம உள்ள பூந்துட்டாங்களே, நைனா!"

பச்சை அங்கி மாட்டி உள்ளே அழைத்துப் போகும்போதும் திரும்பி, "வூடு பாக்க எப்பம்மா வர்றே?" என்றார்.

"எனக்கு வேளச்சேரியில சொந்த வீடு இருக்கு சார்."

"சொந்த வூட்டுக்காரியா!" என்றார் அண்ணன். செருப்புத் திருடனைக்கூட அவர் அப்படி ஒரு குரலில் திட்டிக் கேட்டதில்லை. கதவு மூடிக்கொண்டது.

பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை, சீக்கிரமே முடிந்தது. கண்ணைக் கட்டி, நாளைக்குப் பிரித்துப் பார்க்கலாம் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அவருக்கு அந்த ஒரு கண்தான் என்பது அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு அடுத்து எனக்குத்தான் தெரியும்; இங்கே எழுதலாம் என்று பிறகு அவரே சொன்னார். முழு இருட்டில் இருந்தார். ஆட்டோவில் என் சட்டைக் கையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார்.

"எங்க கீறோம், ஜெராக்ஸு?"

"பாலம் தாண்டியாச்சு. கிரீன்வேஸ் ரோடு பக்கம்."

"ஏதாவது சொல்லிக்கினே வா, நைனா. சத்தமே இல்லேன்னா ஒரு மாதிரி கீது."

எனக்கு என்ன பேசத் தெரியும்? வெளியே பார்த்தேன். ஒரு மாடி வீட்டு கேட்டில் அட்டை தொங்கியது.

"அங்க ஒரு டூலெட் போர்டு தொங்குதுண்ணே."

பிடி தளர்ந்தது. "எந்த வூடு? கீழயா மேலயா? கார் நிக்குமா?"

"மேல. கார் நிக்கும்."

"நம்பரை மனசுல வெச்சிக்கோ. அப்பால?"

அப்புறம் இன்னொன்று சொன்னேன். அது பால்கனி வைத்த வீடு. அதற்கப்புறம் ஒரு பச்சை கேட், உள்ளே செம்பருத்திச் செடி. ஓனர் வயசானவர்போல, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்றேன். அண்ணன் ஒவ்வொன்றுக்கும் குடித்தனம் யார் என்று யோசித்துக்கொண்டே வந்தார். நிஜமான போர்டுகள் அந்தப் பால்கனி வீட்டோடு தீர்ந்துபோயிருந்தன. மந்தைவெளி வரும்வரை ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போர்டு மாட்டிக்கொண்டு வந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் நான் பேசியதில்லை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள். கண் தெரிந்தது. வெளியே வந்ததும், அந்தப் பச்சை கேட் வீட்டைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். நேற்று சாயங்காலமே அதற்கு ஆள் வந்துவிட்டார்கள் என்று சொன்னேன்.