என் கூரைமேல் கிளைட்டா?

என் வண்டிக் கூரைமேல் இனி என் காலைத் தவிர வேறெந்த ஆம்பளைக் காலும் படக் கூடாது. திங்கட்கிழமை காலை பல் தேய்த்தபடியே இந்தச் சபதத்தை எடுத்தேன். பொறாமையா என்று கேட்பீர்கள். இல்லை. கொள்கை.

ஓய்வு பெற்றதும் வீட்டை விற்று, முப்பது வயதான வீட்டு வண்டி ஒன்றை வாங்கி, குளிர்காலத்துக்கு அரிசோனாப் பாலைவன முகாமில் நிறுத்தியிருக்கிறோம். படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் சக்கரத்தின் மேல். மழை வந்தால் எல்லாம் தண்ணீரின் மேல்.

ஞாயிற்றுக்கிழமைத் தூறலில் என் தலையணை நனைந்தது. என் மனைவி நாடின் அசரவில்லை.

"பக்கத்து வண்டி கிளைட், தன் கூரைக்குத் தானே பசை போட்டுட்டாராம். ஒரு சொட்டு இறங்கலையாம்."

"யாரு சொன்னது?"

"அவர் பெண்டாட்டி இர்மாதான். எழுபத்திரண்டு வயசுல பூனை மாதிரி ஏணி ஏறினாராம்."

"பூனை மீன் திருடவும்தான் ஏறும்."

"சனிக்கிழமை நம்ம கூரையையும் பார்த்துத் தரச் சொல்லவா? அவருக்குப் பிடிச்ச பீச் பழக் கேக் சுட்டு வைக்கிறேன்."

நாற்பத்தோரு வருஷத்தில் எனக்குப் பிடித்த கேக் எதுவென்று அவள் கேட்டதுண்டா? நீங்களே நியாயம் சொல்லுங்கள்!

"ஒருத்தனும் வேணாம். நானே போடறேன்."

"நீயா? பல்பு மாத்தறேன்னு மேசையை உடைச்சியே, அந்த நீயா?"

மூன்று நாள் யூடியூபே கதி. பழைய பசையைச் சுரண்டு, துடை, புதுப் பசையைப் பிழி. கூரைப் பசை தானே பரவி மட்டமாகிக்கொள்ளுமாம். தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் பொருளை அன்றுதான் பார்த்தேன். அப்படியானால் சுவர்ப்பக்கத்துச் சன்னல் விளிம்புக்கும் அதையே பூசினால் என்ன? பூசினேன். சுவரில் போட்டால் மட்டம் என்பது தரைதான் என்று பசை முடிவு செய்தது. சன்னல் முழுக்க வெள்ளையாய் வழிந்தது.

"பாலைவனத்துல பனியா பெய்யுது, வெண்டெல்?" உள்ளிருந்து குரல்.

வெள்ளிக்கிழமை மதியம் கூரையில் மண்டியிட்டுக் கடைசி ஓட்டைக்குப் பிழிந்துவிட்டு நிமிர்ந்தால், பக்கத்துக் கூரையில் கிளைட்! அதே மண்டி. கையில் அதே பசைத் துப்பாக்கி. பூனையாம் பூனை, நனைந்த கோழி மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தான்.

"நீதான் எப்பவோ போட்டுட்டியே?" என்று கத்தினேன்.

"நானா? ஏணியைப் பார்த்தாலே எனக்குத் தலை சுத்தும்யா! நீ போட்டுட்டேன்னு இர்மா அஞ்சு நாளா உன் புராணம்தான் பாடறா. உன்னையே கூப்பிடறேன்னா. என் கூரைமேல நீ ஏறறதா? அதான் நானே..."

கூரையைத் தரையில் நின்று யாராலும் பார்க்க முடியாது. இந்தச் சின்ன உண்மை எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் மனைவிகளுக்குத் தோன்றியிருக்கிறது.

இருவரும் கீழே எட்டிப் பார்த்தோம். துணிப்பந்தல் நிழலில் நாடினும் இர்மாவும் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். நடுவே பாதி தீர்ந்த பீச் பழக் கேக்.

தடதடவென்று இறங்கினேன்.

"ஏமாத்திட்டியே! இனிமே இந்த வண்டியில ஒரு ஆணியைக்கூடத் தொட மாட்டேன்!"

"தொடாதே," என்றாள் நாடின், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "கழிவுத் தொட்டி அடைச்சிருக்கு. கோடி வண்டி ஸ்டெர்லிங் வந்து பார்க்கறேன்னிருக்காரு. பாவம், தனிக்கட்டை. அக்கார்டியன் வேற வாசிப்பாராம்."

பொய். நூற்றுக்கு நூறு பொய். அது எனக்கு நன்றாகவே தெரியும்.

"ரப்பர் கையுறை எங்க இருக்கு?" என்றேன்.